அடையாளம் தெரியாத ஆண்

எனக்கு முன்கோபம். வாயும் கொஞ்சம் நீளம். டிப்போவில் யாரும் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, ‘ஸ்பீக்கர்’ என்றுதான் கூப்பிடுவார்கள். இருபத்திரண்டு வருடமாக ஒரே ரூட்டில் பஸ் ஓட்டுகிறேன். குறுக்கே புகும் பைக்குக்காரன், நடு ரோட்டில் நின்று போன் பேசும் மகராசன் எல்லோரையும் வாய் நிறைய வாழ்த்திவிட்டுத்தான் வண்டியை ஓரங்கட்டுவேன். அப்பேர்ப்பட்ட நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்து சாயங்காலம் வரை வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன். திறந்தால் என் பெண்டாட்டி பட்ட பாடெல்லாம் பாழாகிவிடும் என்ற நிலைமை.

அவள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, இரண்டு வருட லேப் டெக்னீசியன் டிப்ளமோ படித்து, ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை அறையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். கல்யாணம் ஆயிற்று, மகள் பிறந்தாள். ஒன்பது வருடம் ஊசி குத்துவதும் குழாயைப் பார்ப்பதுமாகப் போயிற்று. ஒருநாள் விபத்து கேஸ் ஒன்று வந்தது. வண்டி ஓட்டியவன் குடித்திருந்தானா என்று பார்க்க எடுத்த ரத்தம் இருந்த சோதனைக் குழாயை ஒரு போலீஸ்காரர் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனாராம். அடுத்த வாரம் தடய அறிவியல் லேபிலிருந்து ஒரு பெண் அதிகாரி விசாரிக்க வந்தார். எத்தனை மணிக்கு எடுத்தீர்கள், யார் சீல் வைத்தது, எங்கே வைத்திருந்தீர்கள் என்று கேள்வி மேல் கேள்வி. டாக்டரே திருதிருவென்று விழித்தாராம். இவள் மட்டும் நிமிஷம் பிசகாமல் சொல்லியிருக்கிறாள். அவளுக்கு அப்படி ஒரு பழக்கம், பால் பொங்கிய நேரத்தைக் கூட எழுதி வைக்கும் ரகம்.

“உங்க வேலைக்கு என்ன படிக்கணும் மேடம்?” என்று இவள் கேட்க, அந்த அம்மாள் ஒரு டெஸ்ட் சீட்டைத் திருப்பி, பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். முதலில் ஒரு பட்டம், வேதியியலோ உயிரியலோ. அப்புறம் தடய அறிவியலில் முதுகலை. அப்புறம் வேலைக்கான தேர்வு. அப்புறம் ஒரு வருடப் பயிற்சி. கடைசியில் தகுதிச் சோதனை. அதில் தேறினால்தான் அறிக்கையில் கையெழுத்துப் போட முடியும்.

அந்தச் சீட்டை என்னிடம் காட்டியபோது நான் குதித்தேன்.

“முப்பத்திரண்டு வயசுல காலேஜா? பேரன் பேத்தியோட சேர்ந்து பட்டம் வாங்கப் போறியா?”

“நீங்க கத்தி முடிச்சதும் சொல்லுங்க. சாயங்கால காலேஜுல அப்ளிகேஷன் குடுக்கறாங்க, போகணும்” என்றாள்.

அவ்வளவுதான். என் கோபமெல்லாம் அவளிடம் செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

மூன்று வருடம் பகலில் ஆஸ்பத்திரி, சாயங்காலம் காலேஜ். என் பஸ்ஸில்தான் போவாள். டிரைவர் சீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து வாய்விட்டுப் படிப்பாள். இன்றைக்கும் என்னைத் தட்டி எழுப்பிக் கேட்டால் ஹைட்ரஜனில் தொடங்கி இருபது தனிமங்களை மூச்சு விடாமல் சொல்வேன். வேதியியல் பட்டம் வாங்கினாள். முதுகலை நுழைவுத் தேர்வில் முதல் தடவை இடம் கிடைக்கவில்லை. “போதும் விடு” என்றேன். மறுநாளே அடுத்த வருடத் தேர்வுக்கான புத்தகத்துக்கு அட்டை போட்டுக்கொண்டிருந்தாள். அடுத்த வருடம் இடம் கிடைத்தது. ஆஸ்பத்திரி வேலையை விட்டாள்.

வகுப்பில் எல்லாம் இருபத்தொரு வயதுப் பிள்ளைகள். பாதிப் பேர் டிவியில் துப்பறியும் தொடர் பார்த்துவிட்டு, கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு கொலைகாரனைத் துரத்தலாம் என்று வந்து சேர்ந்தவர்கள். முதல் மாதம் முழுக்க அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தது கவர் ஒட்டுவது.

“கவர் ஒட்டவா? தபால் ஆபீஸ் வேலைக்கா படிக்கற?” என்று கிண்டல் பண்ணினேன்.

“ரத்தம் பட்ட துணிய ஈரத்தோட பிளாஸ்டிக் கவர்ல போட்டா பூஞ்சை பிடிச்சு ஒண்ணுமில்லாம போயிடும்ங்க. நிழல்ல காய வெச்சு, காகிதக் கவர்ல போட்டு, ஒட்டின எடத்து மேல கையெழுத்து, நேரம். இதுல ஒண்ணு தப்பினாலும் அப்புறம் எந்த மிஷினும் காப்பாத்தாது.”

பிணவறைக்குக் கூட்டிப் போன வாரத்தில் ஆறு பேர் படிப்பை விட்டு ஓடினார்கள். இவள் வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு, மகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தாள். கைரேகைப் பாடம் நடந்த மாதம் வீட்டில் இருந்த டம்ளரெல்லாம் கரி. டாக்டர் எனக்குச் சர்க்கரையை நிறுத்தச் சொல்லியிருந்த சமயம் அது. ஒருநாள் சர்க்கரை டப்பாவில் பொடி தூவி, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு, “வலது கை கட்டைவிரல். நேத்து, இன்னிக்கு, ரெண்டு தடவை” என்றாள். திருடனுக்குத் தேள் கொட்டிய மாதிரி முழித்தேன். மகள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

படித்து முடித்தாள். தேர்வு எழுதி, அரசு லேபில் மரபணுப் பிரிவில் வேலை வாங்கினாள். கூடவே ஒரு வருடப் பயிற்சி. ஆக, அந்தச் சீட்டு கைக்கு வந்து எட்டு வருடம் கழித்து, நாற்பதாவது வயதில், தகுதிச் சோதனைக்கு உட்கார்ந்தாள்.

சோதனை மூன்று நாள். சீல் வைத்த ஆறு கவர்கள் தருவார்கள். உள்ளே இருப்பது யாருடையது என்று சோதனை எழுதுபவருக்குத் தெரியாது. ஒன்றில் ரத்தம் பட்ட துணி இருக்கும், ஒன்றில் வாய் வைத்துக் குடித்த டம்ளரின் விளிம்பில் துடைத்தெடுத்த பஞ்சு இருக்கும். தனியாக உட்கார்ந்து, அதிலிருந்து மரபணுவைப் பிரித்து, யாருடையது, எத்தனை பேருடையது என்று எழுத வேண்டும்.

அந்த வாரம் பார்த்து லேபில் துணி துவைக்கும் மிஷின் கெட்டுப்போயிற்று. இவளுடைய வெள்ளைக் கோட்டின் கைப்பகுதியில் நீலச் சாயக் கறை. லேப் கோட்டு லேபை விட்டு வெளியே வரக் கூடாது என்பது விதி. எட்டு வருடத்தில் ஒரு விதியையும் மீறாதவள், சோதனை அன்று அழுக்குக் கோட்டோடு நிற்க வெட்கப்பட்டு, அதை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டாள். துவைத்துக் காயப் போட்டு, மடித்து, சுத்தமான காகிதக் கவரில் வைத்தாள்.

நான் சும்மா இருந்திருக்கலாம். இருக்க மாட்டேனே! யூனிபார்ம் மடிப்பு என்றால் டிப்போவில் என் மடிப்புதான் பேச்சு. அவ்வளவு பெரிய சோதனைக்குப் பெண்டாட்டி சுருக்கம் விழுந்த கோட்டோடு போவதா என்று, அவள் குளிக்கப் போன நேரத்தில் கோட்டை எடுத்துத் தேய்த்து, பழையபடி கவரில் வைத்துவிட்டேன். அவள் இருந்த பதற்றத்தில் அதைக் கவனிக்கவில்லை. நானும் சொல்லிக் காட்டவில்லை, வாழ்க்கையில் ஒரு தடவையாவது அடக்கமாக இருப்போமே என்று.

வெள்ளிக்கிழமை சோதனை முடிந்து வந்தவள் முகம் சரியில்லை. சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“நாலாவது கவர்ல ஒரு பொம்பளையோட ரத்தம். அஞ்சாவது கவர் வேற கேஸ், வேற எடம். ஆனா ரெண்டுலயும் ஒரே ஆம்பளையோட தடயம் துளியூண்டு இருக்குங்க.”

“உங்க ஆபீஸ் ஆளு எவனாவது தும்மியிருப்பான்” என்றேன்.

“லேபுல நடமாடற அத்தனை பேரோட மரபணுவும் பட்டியல்ல இருக்கு. வாட்ச்மேன் உள்பட. ஒப்பிட்டுப் பாத்துட்டேன். யாரும் இல்ல.”

“அப்ப என்ன எழுதுவ?”

“அடையாளம் தெரியாத ஆண், மிகக் குறைந்த அளவு. அப்படி எழுதினா யாரும் தப்புன்னு சொல்ல முடியாது. திங்கக்கிழமை சாயங்காலம் வரைக்கும் டைம் இருக்கு. ஆனா மனசு ஒப்பல.”

நான் சோற்றைப் பிசைந்துகொண்டே, “எவன் அந்தத் திருட்டுப்பய? பிடிச்சு முட்டிக்கு முட்டி தட்டச் சொல்லு” என்றேன். நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்.

ஞாயிறு காலை. நான் மேஜையில் காக்கிச் சட்டையை விரித்துத் தேய்த்துக்கொண்டிருந்தேன். மடிப்பு நிற்க வேண்டுமானால் துணியில் ஈரம் வேண்டும். எனக்குத் தெளிக்கிற புட்டியெல்லாம் சரிப்படாது. வாய் நிறையத் தண்ணீரை எடுத்து, உதட்டைக் குவித்து, ‘ஃபூ’ என்று ஊதினால் பூந்தூறலாக இறங்கும். அப்படி ஊதி, பெட்டியை அழுத்தியபோது, எதிரே காய் நறுக்கிக்கொண்டிருந்தவள் கை நின்றது.

“என்னங்க... என் கோட்டத் தொட்டீங்களா?”

“தொட்டனாவா? கத்தி மாதிரி மடிப்பு வெச்சுக் குடுத்தேன். ஒரு வார்த்த சொன்னியா நீ?”

“தண்ணி எப்படித் தெளிச்சீங்க?”

“எப்படித் தெளிப்பாங்க? இப்படித்தான்.”

அவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். எனக்கு விளங்க ஒரு நிமிஷம் ஆயிற்று. விளங்கியதும் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தேன். அந்தத் திருட்டுப்பயல் நான்தான். கோட்டின் கையில் என் எச்சில், அதைத் தொட்ட கையுறை, கையுறை தொட்ட கவர்.

உள்ளே போய், பயிற்சிக்காக வீட்டில் வைத்திருந்த சீல் போட்ட பஞ்சுக் குச்சி ஒன்றைக் கொண்டுவந்தாள்.

“வாயத் திறங்க. உள்கன்னத்துல தேய்ச்சு, சீல் வெச்சு, நாளைக்கு எங்க பிரிவுத் தலைவிகிட்ட குடுக்கறேன். வேற ஒருத்தர் பரிசோதிக்கட்டும், உங்க எச்சில் இல்லாம நான் சொல்றது வெறும் ஊகம்தான். நடந்தத எழுதிக் குடுத்துடறேன்.”

“குடுத்தா?”

“ஃபெயில்தான். கோட்ட வெளிய கொண்டு வந்தது என் தப்பு. ஆறு மாசம் மறுபயிற்சி, மறுபடி சோதனை. அதோட விடாது. சாட்சிக் கூண்டுல ஏறும்போதெல்லாம் கேப்பாங்க, தகுதிச் சோதனையில தவறியிருக்கியான்னு. ரிட்டயர் ஆகற வரைக்கும் ஆமான்னு சொல்லணும்.”

நான் வாயை இறுக்க மூடினேன். மூடினது மூடினதுதான். நான் திறந்தால் அவள் ஃபெயில், மூடியிருந்தால் பாஸ். இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

காபி குடிக்கவில்லை, சாப்பிடவில்லை. எங்கே அசந்த நேரத்தில் குச்சியை நுழைத்துவிடுவாளோ என்று பயம். சொல்ல வேண்டியதைப் பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி நீட்டினேன். ‘யாருக்குத் தெரியப் போகுது?’ என்று எழுதினேன்.

“எனக்குத் தெரியும்” என்றாள்.

‘எட்டு வருஷம்!!!’ என்று மூன்று ஆச்சரியக்குறி போட்டு எழுதினேன்.

“நீங்க எண்ணினத விட நான் அதிகமா எண்ணியிருக்கேன்.”

‘பைத்தியக்காரி’ என்று எழுதினேன்.

பதினேழு வயது மகள் அந்தத் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, “அப்பா வாய மூடிட்டிருக்கறதப் பாக்க இந்த வீட்டுக்கு எவ்வளவு பெரிய சோதனை வர வேண்டியிருக்கு” என்றாள். அடிக்கக் கை ஓங்கினேன், சிரிப்பு வந்துவிட்டது, உதட்டைக் கடித்து அடக்கினேன்.

சாயங்காலம் அவள் எனக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கண் சிவந்திருந்தது.

“எனக்கும் பயமாத்தாங்க இருக்கு. கூடப் படிச்ச புள்ளைங்க எல்லாம் கையெழுத்துப் போடும், நான் மட்டும் குழாய் கழுவிட்டு நிப்பேன். அவமானமா இருக்கும். ஆனா ஒண்ணு யோசிச்சுப் பாருங்க. இது சோதனையா இல்லாம நிஜக் கேஸா இருந்தா? ஒரு பொம்பள செத்துக் கெடக்கா, அவ துணியில உங்க எச்சில். நீங்க பஸ் ஓட்டிட்டிருந்தேன்னு கத்துவீங்க. உங்களுக்குக் கத்தத் தெரியும்னு எல்லாருக்கும் தெரியும். உங்கள நம்புவாங்களா, நான் கையெழுத்துப் போட்ட காகிதத்த நம்புவாங்களா?”

நான் பேனாவை எடுத்தேன்.

“அந்தக் காகிதத்தத்தான் நம்புவாங்க. அதுக்குத்தான் இத்தனை வருஷம் படிச்சேன். அதுல முதல் கையெழுத்தையே கூசிக் கூசிப் போடச் சொல்றீங்களா?”

இந்தப் பெண்ணுக்கு நான் காலேஜ் போகாதே என்று சொன்னேனே, என்ன மடையன் நான்! பேனாவைக் கீழே வைத்துவிட்டு, ஆவென்று வாயைத் திறந்தேன். அவள் குச்சியைச் சுழற்றி எடுத்து, காய வைத்து, கவரில் போட்டு, நேரம் எழுதினாள். மாலை ஐந்து நாற்பத்திரண்டு.

பரிசோதித்தார்கள், அந்த ஆண் நானேதான். ஃபெயில் என்று கடிதம் வந்தது. விதி விதிதான் என்று பிரிவுத் தலைவி சொல்லிவிட்டாராம். கோட்டு மாட்டும் அலமாரிக்கு அன்றிலிருந்து ஒரு பூட்டு. ‘வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காதவள்’ என்று லேபில் சிலர் முதுகுக்குப் பின்னால் பேசினார்கள். அந்தப் பட்டம் எனக்கு வர வேண்டியது. ஆறு மாதம் அவள் குழாய் கழுவினாள், மற்றவர்களுக்குக் கவர் எடுத்துக் கொடுத்தாள், ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. நான் வீட்டில் தெளிக்கிற புட்டி வாங்கினேன். ஆறு மாதம் கழித்து மறுசோதனையில் தேறினாள்.

ஆனால் என் நெஞ்சில் அந்த முள் இருந்துகொண்டே இருந்தது. கூண்டில் ஏறும்போதெல்லாம் கேட்பார்களே! முதல் ஒன்றரை வருடம் அவள் அறிக்கைகளை யாரும் மறுக்கவில்லை, கோர்ட்டுக்குக் கூப்பிடவும் இல்லை. பிறகு கூப்பிட்டார்கள். நான் லீவு போட்டுவிட்டு, சொல்லாமல் கொள்ளாமல் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன்.

கடைக் காவலாளி ஒருவரை மண்டையில் அடித்துவிட்டு யாரோ ஓடியிருக்கிறார்கள். பிடிபட்டவனின் சட்டைக் கையில் இருந்த ரத்தம் அந்தக் காவலாளியுடையது என்று இவள் எழுதிக் கொடுத்திருந்தாள். என் பக்கத்தில் ஒரு பெண், மடியில் ஒரு பையை இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். குற்றவாளிக் கூண்டில் நிற்பவனின் அக்கா என்று அவளே சொன்னாள். “ரிப்போர்ட்டே தப்பும்மா, இன்னிக்கு உடைச்சுடறேன்னு வக்கீல் சொன்னாருங்க” என்றாள்.

என் மனைவி சாட்சிக் கூண்டில் ஏறினாள். அந்த வக்கீலின் குரல் தேன். வார்த்தை ஊசி.

“நீங்க முதல்ல படிச்சது டிப்ளமோ?”

“ஆமா.”

“பட்டம் சாயங்காலக் கல்லூரியில. முதுகலைக்கு முதல் தடவை இடமே கிடைக்கல. முடிக்கும்போது முப்பத்தெட்டு வயசு. சரிங்களா?”

“முப்பத்தெட்டு முடிஞ்சு மூணு மாசம்” என்றாள். யாரோ சிரித்தார்கள்.

“தகுதிச் சோதனையில எப்பவாவது தவறியிருக்கீங்களா?”

நான் முன் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

“ஆமா. ஒரு தடவை.”

வக்கீல் நீதிபதியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, “என்ன தப்பு செஞ்சீங்க?” என்றார்.

“லேபை விட்டு வெளிய வரக் கூடாத கோட்ட வீட்டுக்குக் கொண்டு போனேன். அதுல பட்ட எச்சில் ரெண்டு மாதிரியில கலந்துடுச்சு.”

“யார் கண்டுபிடிச்சாங்க?”

“நான்.”

“உங்க மேலதிகாரிங்க கண்டுபிடிக்கலையா?”

“அவங்களுக்குத் தெரிய வழியே இல்ல.”

“அப்புறம் எப்படித் தவறினீங்க?” என்று கேட்டுவிட்டார். கேட்ட பிறகுதான் அவருக்கே உறைத்தது போல.

“நான் எழுதிக் குடுத்தேன். அதனால தவறினேன்.”

எழுதிக்கொண்டிருந்த நீதிபதி தலையை நிமிர்த்தினார். “அந்த எச்சில் யாருடையது?”

“என் கணவரோடதுங்க ஐயா.”

நான் எழுந்து நின்றுவிட்டேன். யாரும் கூப்பிடவில்லை, கால் தானாக எழுந்தது. “நான்தாங்க ஐயா அது!”

வாசல் போலீஸ்காரர் பாய்ந்து வந்தார். கோர்ட்டே திரும்பிப் பார்த்தது. நீதிபதி மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, “உங்களை யாரும் கேக்கலையே. உக்காருங்க” என்றார். சாட்சிக் கூண்டில் என் மனைவி தலையைக் குனிந்து உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்குப் போனால் இருக்கிறது எனக்கு.

வக்கீல் காகிதங்களைத் தட்டி அடுக்கினார். “வேற கேள்வி இல்லை” என்று உட்கார்ந்தார்.

மார்பு விம்ம உட்கார்ந்தேன். எல்லோரிடமும் சொல்ல வேண்டும் போலிருந்தது. பக்கத்திலிருந்த அந்த அக்கா என்னைப் பார்த்தாள்.

“உங்க வீட்டம்மாவா?”

“ஆமாம்மா.”

“எந்தம்பி சட்டையில அந்த ரத்தம்தான்னு எழுதினது அவங்களா?”

“ஆமா.”

அவள், சாட்சிக் கூண்டிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த என் மனைவியைப் பார்த்தாள். பிறகு தம்பியைப் பார்த்தாள். அவன் அக்காவைப் பார்க்காமல் தரையைப் பார்த்தான்.

“அப்ப சரியாத்தான் இருக்கும்” என்று சொல்லிவிட்டு, பையை எடுத்துக்கொண்டு எழுந்து வெளியே போனாள்.